விட்ச்கிராஃப்ட் பழக ஆரம்பிக்கிறவங்களுக்கு: ஒரு மெழுகுவத்தி, ஒரு நோட்டு, ஒரு நிலா மாசம்

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், எதையும் வாங்காதீங்க. கல்லு, கத்தி, கோப்பை, குறி பாக்கிற டாரோ கார்டு, மூலிகைப் பெட்டி எதுவும் இப்போதைக்கு வேண்டாம். விட்ச்கிராஃப்ட் பழகணும்னு ஆசை வந்ததும் எல்லாரும் போன்ல போட்டோ போட்டோவா பாப்பாங்க, கறுப்புத் துணி விரிச்ச மேசை, வரிசையா கிறிஸ்டல், தொங்கவிட்ட காஞ்ச பூ, அதெல்லாம் இருந்தாத்தான் ஆரம்பிக்கவே முடியும்னு நினைச்சு ஒவ்வொண்ணா ஆர்டர் போட ஆரம்பிப்பாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஆறு மாசம் கழிச்சு பாத்தா அலமாரி முழுக்க பொருள் இருந்துச்சு, பழக்கம்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சுட்டு ஒரு நோட்டும் ஒரு மெழுகுவத்தியும் மட்டும் வெளிய வச்சுக்கிட்டு ஒரு அமாவாசைல இருந்து அடுத்த அமாவாசை வரைக்கும் தினமும் உக்காந்தேன், சுமார் 29.5 நாள், அந்த ஒரு மாசத்துலதான் நிஜமா கத்துக்கிட்டேன். அதே மாசத்தைத்தான் இங்க உங்களுக்கு படிப்படியா சொல்லப்போறேன்.

எதைப் பழகப்போறோம்

தமிழ்ல இதுக்கு வாயில வர்ற முதல் வார்த்தை சூனியம், அடுத்து பில்லி, ஏவல். அந்த வார்த்தை எல்லாமே இன்னொருத்தருக்குக் கெடுதல் வைக்கிறதைச் சொல்ற வார்த்தை, அதனாலதான் விட்ச்கிராஃப்ட்ன்னே சொல்றேன், மொழிபெயர்த்தா அர்த்தமே மாறிடுது. இங்க பேசுறது 20ஆம் நூற்றாண்டு நடுவுல இங்கிலாந்துல உருவெடுத்த வழி. அங்க 1735ல போட்ட சூனியச் சட்டம் 1951லதான் ரத்தாச்சு, மூணு வருஷம் கழிச்சு 1954ல ஜெரால்டு கார்ட்னர்ங்கிற ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி தன்னோட குழுவோட சடங்குகளைப் பத்தி வெளிப்படையா ஒரு புத்தகம் போட்டார், அவர்கூட இருந்த டோரீன் வேலியண்ட் சடங்குல சொல்ற வரிகள் பலதை அழகா எழுதினாங்க. இவங்ககிட்ட இருந்து கிளம்பினது விக்கா, அது ஒரு மதம், தெய்வம், பண்டிகை, தீட்சை எல்லாம் உண்டு. விட்ச்கிராஃப்ட்ங்கிறது அதைவிட அகலமானது, மனசுல ஒரு நோக்கத்தை வச்சு சின்னச் சின்னச் சடங்கு பண்ற ஒரு பழக்கம், ஒரு கைத்தொழில் மாதிரி. விக்காவுல இல்லாதவங்களும் பழகுறாங்க, கடவுள் நம்பிக்கை இல்லாதவங்களும் பழகுறாங்க, இருக்கிற மதத்தை விடாமலே பழகுறவங்களும் இருக்காங்க.

இது ஆயிரக்கணக்கான வருஷமா அறுபடாம வர்ற ரகசிய மதம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வரலாற்று ஆராய்ச்சி அதை ஏத்துக்கல. புதுசுன்னா மட்டம்னு அர்த்தம் இல்ல. அதே மாதிரி 1692ல அமெரிக்காவுல இருக்கிற சேலம்ங்கிற ஊர்ல (நம்ம சேலம் இல்ல) சூனியக்காரங்கன்னு பழி போட்டு நடத்தின விசாரணைல செத்தவங்களை நம்ம முன்னோர்னு உரிமை கொண்டாடுறதும் எனக்கு சரியா படல. அங்க 19 பேரைத் தூக்குல போட்டாங்க, ஒருத்தரை மேல கல்லை அடுக்கி நசுக்கிக் கொன்னாங்க, தூக்குல போனவங்க தாங்க சூனியக்காரங்க இல்லன்னு கடைசி வரைக்கும் சொன்னவங்க. இன்னிக்கும் பல நாடுகள்ல சூனியக்காரின்னு பழி போட்டு அடிக்கிறதும் கொல்றதும் நடக்குது, 2021ல ஐநா மனித உரிமைக் கவுன்சில் இதைக் கண்டிச்சு ஒரு தீர்மானமே போட்டுச்சு. அதனால இதைப் பழகுற நாம வாய் தவறிக்கூட யாரையும் பாத்து "அவ எனக்கு ஏதோ வச்சுட்டா"ன்னு சொல்லக்கூடாது. எனக்கு இது ரொம்ப முக்கியமான விஷயம், அதான் முன்னாடியே சொல்லிட்டேன்.

படி 1: நோட்டு

ஏதாவது ஒரு பழைய நோட்டு போதும். இதை புக் ஆஃப் ஷேடோஸ்னு சொல்லுவாங்க, தோல் அட்டை போட்டு தங்க எழுத்துல இருக்கணும்னு ஒண்ணும் இல்ல, சொல்லப்போனா ரொம்ப அழகான நோட்டு இருந்தா எழுதக் கை வராது, தப்பா எழுதிடுவோமோன்னு பயம் வரும். தினமும் நாலு விஷயம் எழுதுங்க: தேதி, நிலா எப்படி இருந்துச்சு, உடம்பும் மனசும் எப்படி இருந்துச்சு, என்ன பண்ணீங்க. மேகம் மறைச்சு நிலாவே தெரியலன்னா அதையும் எழுதுங்க.

இது ஏன் முதல் படின்னா, மனசு ஒத்துப்போனதை மட்டும் ஞாபகம் வச்சுக்கும், ஒத்துப்போகாததை விட்டுடும். பத்து தடவை ஏதோ பண்ணி ரெண்டு தடவை நினைச்சது நடந்தா அந்த ரெண்டைத்தான் ஊரெல்லாம் சொல்லுவோம். நோட்டுல மீதி எட்டும் இருக்கும். என் நோட்டுல மூணாவது மாசம் ஒரு விஷயம் கண்ல பட்டுச்சு, "இன்னிக்கு எதுவுமே ஒட்டல, வெறுப்பா இருக்கு"ன்னு எழுதின நாள் எல்லாமே முந்தின ராத்திரி ஒரு மணிக்கு மேல தூங்கின நாள். நிலாவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதைக் கண்டுபிடிச்சதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லத் தெரியல, ஏன்னா அப்பதான் நான் என்னையே கவனிக்கக் கத்துக்கிட்டேன்.

படி 2: தினமும் பத்து நிமிஷம் உக்கார்றது

கிரவுண்டிங்ன்னு சொல்லுவாங்க, வேர் விடுறதுன்னு வச்சுக்குங்க. முதல் வாரம் முழுக்க இது மட்டும்தான். தரைல உக்காருங்க, முடியலன்னா நாற்காலில உக்காந்து ரெண்டு பாதமும் தரைல பதியுற மாதிரி வைங்க. மூச்சை இழுக்கும்போது நாலு எண்ணுங்க, விடும்போது ஆறு எண்ணுங்க. உடம்போட கனம் எங்க தரையைத் தொடுதோ அங்க கவனத்தைக் கொண்டுபோங்க, அங்கிருந்து ஒரு மரத்தோட வேர் மாதிரி கீழ இறங்குறதா நினைச்சுப் பாருங்க. நினைச்ச மாதிரி காட்சி வரலன்னா பரவால்ல, எல்லாருக்கும் கண்ணை மூடினா படம் ஓடாது, சிலருக்கு சுத்தமா வராது. அவங்க பாதத்துல இருக்கிற சூடு, குளிர்ச்சி, அழுத்தம் இதையே பிடிச்சுக்கலாம்.

போர் அடிக்கும், நாலாவது நாள் விட்டுடலாம்னு தோணும். விடாதீங்க. பின்னாடி பண்ற எல்லா வேலைக்கும் அடித்தளம் இதுதான், கவனம் நிக்காத மனசை வச்சுக்கிட்டு எந்தச் சடங்கு பண்ணினாலும் அது வெறும் கை அசைவாத்தான் இருக்கும்.

படி 3: ஒரு இடம்

ஆல்டர்ன்னு சொல்றது சடங்கு பண்ண ஒதுக்குற ஒரு இடம், அவ்வளவுதான். ஜன்னல் திட்டு போதும், ஒரு ஷூ பெட்டியோட மூடி போதும், வீட்ல இருக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாம்னா வேலை முடிஞ்சதும் மூடி வச்சுடலாம். மறைச்சு வைக்கிறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, உங்க பாதுகாப்பும் வீட்டு நிம்மதியும் முக்கியம். பலபேர் நாலு பூதத்துக்கு நாலு பொருள் வைப்பாங்க, வடக்குல நிலத்துக்கு ஒரு கல்லோ உப்போ, கிழக்குல காத்துக்கு ஒரு இறகோ ஊதுவத்தியோ, தெற்குல நெருப்புக்கு மெழுகுவத்தி, மேற்குல தண்ணிக்கு ஒரு கிண்ணம். இந்த திசைக்கணக்கு இங்கிலாந்துல இருந்து வந்தது. உங்க வீட்டுக்குக் கடல் கிழக்க இருந்தா தண்ணியைக் கிழக்கவே வைங்க, நிறைய பேர் அப்படித்தான் மாத்திக்கிறாங்க.

கிறிஸ்டல் பத்தி கேப்பீங்கன்னு தெரியும். அழகா இருக்கும், கைல வச்சுக்கிட்டா கவனம் நிக்கும், பிடிச்சா ஒண்ணு வச்சுக்குங்க. ஆனா எல்லாக் கல்லையும் தண்ணில போடக்கூடாது. நான் ஒரு செலினைட் துண்டை சுத்தம் பண்றேன்னு உப்புத் தண்ணில ராத்திரி முழுக்க போட்டு வச்சேன், காலைல எடுத்தா அந்தப் பட்டு மாதிரி பளபளப்பு போயிடுச்சு, விரலை வச்சா சொரசொரன்னு இருக்கு, ஓரம் மழுங்கிப்போச்சு. செலினைட் ஜிப்சம் வகை, நகத்தாலேயே கீறலாம், தண்ணில கொஞ்சம் கொஞ்சமா கரையும். பைரைட் ஈரம் பட்டா கெட்டுப்போகும், அமெதிஸ்ட் வெயில்ல வச்சா நிறம் வெளுக்கும், மலக்கைட்ல செம்பு இருக்கு. அதனால கல்லு ஊறவச்ச தண்ணியைக் குடிக்கச் சொல்றவங்க பேச்சைக் கேக்கவே கேக்காதீங்க.

படி 4: சுத்தம்

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இடத்தை சுத்தம் பண்றது பல வழிகள்லயும் உண்டு. நிஜமாவே கூட்டித் துடைச்சு, ஜன்னலைத் திறந்து, கையைக் கழுவிட்டு, ஒரு தடவை கையைத் தட்டியோ மணி அடிச்சோ ஆரம்பிங்க, போதும். புகை போடணும்னு ஆசைன்னா ரோஸ்மேரியோ சாதாரண ஊதுவத்தியோ போடலாம். வெள்ளை ஸேஜ் கட்டு ஃபேஷனா விக்குது, அது வட அமெரிக்கப் பூர்வகுடிகளோட சடங்குச் செடி, அவங்க மதத்தைத் தடையில்லாம கடைப்பிடிக்கிற உரிமையைக் காக்க அமெரிக்காவுல சட்டம் வந்ததே 1978லதான், அந்தச் செடியைக் காட்டுல இருந்து திருட்டுத்தனமா வெட்டுறதும் நடக்குது. அதை விட்டுடுங்கன்னு கேட்டுக்கிறேன். தீட்சை வாங்கினவங்க மட்டுமே பண்ற வழிகளும் இதே மாதிரிதான், ஹைத்தி நாட்டு மதமான வோடூ மாதிரி. தெரிஞ்சுக்கலாம், மரியாதையா படிக்கலாம், நாமளா எடுத்துப் பண்ணக்கூடாது.

படி 5: முதல் ஸ்பெல்

ஸ்பெல்னா ஒரு ஆசையை வார்த்தையாக்கி சடங்கோட சொல்றது. இதுக்காகத்தான் வந்திருப்பீங்க, அதனால நிதானமா சொல்றேன். பொதுவா புதுசா ஒண்ணைத் தொடங்குற, வளக்குற வேலையை வளர்பிறைல பண்ணுவாங்க, விடுற, குறைக்கிற வேலையைத் தேய்பிறைல. முதல் வாரம் உக்காந்து பழகியிருப்பீங்க, இப்ப வளர்பிறை பாதி வந்திருக்கும், சரியான நேரம்.

என்ன வேணும்னு ஒரே வரில எழுதுங்க. "சந்தோஷமா இருக்கணும்"னு எழுதினா அது நடந்துச்சா இல்லையான்னு நோட்டுல எப்படி எழுதுவீங்க? "இந்த மாசம் விட்டுப்போன படிப்பை தினமும் 20 நிமிஷம் எடுத்து உக்காரணும்"னு எழுதுங்க. உங்க கைல இருக்கிற விஷயமா இருக்கட்டும், இன்னொருத்தரோட மனசை மாத்துற விஷயம் வேண்டவே வேண்டாம். குறிப்பிட்ட ஒருத்தர் என்னைக் காதலிக்கணும்னு பண்றது அவங்க சம்மதம் இல்லாம அவங்க மேல கை வைக்கிறது, எவ்வளவு வலிச்சாலும் அதைப் பண்ணாதீங்க. விக்காவுல யாருக்கும் கெடுதல் இல்லாம நீ விரும்பினதைச் செய்ங்கிற கருத்து ஒண்ணு உண்டு, விக்கா உங்க வழி இல்லன்னாலும் ஆரம்பிக்கிறவங்களுக்கு அது நல்ல வேலி.

அப்புறம் அந்த வரியை வாய்ல சொல்ற மாதிரி மாத்துங்க, தமிழ்லயே சொல்லுங்க. இங்கிலீஷ்ல ரைம் வச்சு எழுதினதைப் பாத்து மனப்பாடம் பண்றவங்க நிறைய, சொல்லும்போது நாக்கு மட்டும்தான் அசையும், உள்ள ஒண்ணும் அசையாது. நமக்கு எதுகையும் மோனையும் தாலாட்டுல இருந்தே காதுல விழுந்தது. "சிதறின மனசு சேரட்டும், தொடங்கின வேலை தீரட்டும்." இவ்வளவு போதும். உங்களோடதை நீங்களே கட்டுங்க, ரெண்டு மூணு தடவை சத்தமா சொல்லிப் பாத்தா எந்த வார்த்தை தடுக்குதுன்னு தெரியும், அதைத் தூக்கிட்டு வேற போடுங்க.

சின்ன மெழுகுவத்தியா எடுங்க, வெள்ளை போதும், எந்த நிறத்துக்குப் பதிலாவும் வெள்ளை வச்சுக்கலாம்னுதான் பொதுவா சொல்லுவாங்க. பல்குச்சியால அதுமேல ஒரு வார்த்தை கீறுங்க, மேல இருந்து கீழ, மெதுவா. மெழுகு சுருள் சுருளா வந்து விரல்ல ஒட்டும், சில எழுத்து உடையும், "ஞ", "ண" எல்லாம் கீறுறது கஷ்டம், அந்தக் கஷ்டத்துலதான் மனசு வேற எங்கயும் போகாம அந்த வார்த்தைலயே நிக்கும். எண்ணெய் தடவுறவங்க உண்டு, தடவுனா ஒரு சொட்டுக்கு மேல வேண்டாம். காஞ்ச மூலிகையை மெழுகுவத்தி மேல தூவுற வீடியோ பாத்திருப்பீங்க, அது ஆபத்து, இலை பத்திக்கிட்டா சுடர் திடீர்னு எகிறும்.

இடத்துல உக்காந்து, பத்து மூச்சு, அப்புறம் உங்களைச் சுத்தி ஒரு வட்டம் இருக்கிறதா நினைச்சு ஆள்காட்டி விரலால கடிகாரம் சுத்துற பக்கமா ஒரு சுத்து காட்டுங்க. இது சர்க்கிள் போடுறது, இந்த நேரம் இந்த வேலைக்கு மட்டும்னு எல்லை வைக்கிறது. மெழுகுவத்தியை ஏத்துங்க. சுடர் முதல்ல படபடக்கும், திரியைச் சுத்தி மெழுகு இளகி ஒரு சின்னக் குளம் மாதிரி ஆனதும் நிமிர்ந்து நிக்கும், அதுவரைக்கும் பேசாம பாத்துக்கிட்டே இருங்க. நின்னதும் உங்க வரியைச் சொல்லுங்க, மூணு தடவையோ ஒன்பது தடவையோ, ஒவ்வொரு தடவையும் அந்த வேலையை நீங்க செஞ்சுக்கிட்டிருக்கிறதா உடம்பால உணருங்க, நாற்காலில உக்காந்திருக்கிறது, பக்கம் புரட்டுற சத்தம், எல்லாம். போதும்னு தோணினதும் நிறுத்துங்க. யாருக்கு நன்றி சொல்லணுமோ சொல்லுங்க, தெய்வம் வேண்டாம்னா நெருப்புக்குச் சொல்லுங்க. விரலால எதிர்ப் பக்கமா ஒரு சுத்து காட்டி வட்டத்தைக் கலைங்க. கையை ரெண்டும் தரைல அழுத்தி வச்சு, கொஞ்சம் தண்ணி குடிங்க, ஏதாவது சாப்பிடுங்க, அப்பதான் மனசு முழுசா திரும்பி வரும்.

மெழுகுவத்தி முழுசா எரியணும்னு கட்டாயம் இல்ல. ஊதினா ஸ்பெல் கலைஞ்சிடும்னு பயமுறுத்துவாங்க, அதைவிட தூங்கிட்டு வீட்டைக் கொளுத்துறது மோசம். அணைச்சுட்டு மறுநாள் திரும்ப ஏத்துங்க, நாள் நாளா ஏத்தி முடிக்கிற ஸ்பெல்லே தனியா இருக்கு.

மறுநாள் காலைல அந்த 20 நிமிஷம் உக்காருங்க. அதைச் செய்யலன்னா நேத்து பண்ணினது பாதிதான்.

நெருப்பு, மூலிகை, எண்ணெய்

சுருக்கமா சொல்றேன், ஆனா ஒண்ணைக்கூட தாண்டாதீங்க. மெழுகுவத்தியை திரைச்சீலை, பேப்பர், முடி எல்லாத்துல இருந்தும் ஒரு அடியாவது தள்ளி, ஆடாத தட்டுல வைங்க, திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிக்குங்க, ரூமை விட்டுப் போனா அணைச்சுட்டுப் போங்க. பிரிஞ்சி இலைல ஆசையை எழுதி எரிக்கிறது பிரபலம், அதை மணல் போட்ட இரும்புச் சட்டில எரிங்க, இடுக்கியால பிடிங்க. கரித்துண்டு மேல சாம்பிராணி போடுறதா இருந்தா ஜன்னல் திறந்திருக்கணும், மூடின ரூம்ல கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயு சேர்ந்தா வாசனையே தெரியாது. எசன்ஷியல் ஆயில் எதையும் குடிக்கக்கூடாது, அப்படியே தோல்ல தடவவும் கூடாது, பட்டை எண்ணெய் தோலைச் சுட்டுடும். வீட்ல பூனை இருந்தா டீ ட்ரீ ஆயில் பக்கமே போகாதீங்க, அதுக்கு விஷம். கர்ப்பமா இருக்கிறவங்க மக்வொர்ட், பென்னிராயல்ங்கிற ரெண்டு மூலிகையையும் தொடவே வேண்டாம். பெல்லடோனா மாதிரி பழைய சூனியக்காரிக் கதைல வர்ற செடி எல்லாம் உயிரை எடுக்கிற விஷம். தோட்டத்துல உப்பு வட்டம் போடாதீங்க, மண்ணு கெட்டு செடி செத்துடும்.

உடம்பு சரியில்லன்னா டாக்டர், மனசு சரியில்லன்னாலும் டாக்டர். ஸ்பெல் பண்றதால மாத்திரையை நிறுத்தாதீங்க. தூக்கம் இல்லாம, யாரோ பேசுற மாதிரி, யாரோ பின்னாடியே வர்ற மாதிரி தோண ஆரம்பிச்சா எல்லாத்தையும் மூடி வச்சுட்டு உடனே உதவி தேடுங்க.

பௌர்ணமியும் எட்டு பண்டிகையும்

மாசத்துல நடுவுல பௌர்ணமி வரும், எஸ்பாட்ன்னு சொல்லுவாங்க, அன்னிக்கு எதையும் கேக்காம வெறுமனே வெளிய போய் நிலா வெளிச்சத்துல நில்லுங்க, திரும்பி வந்து எழுதுங்க. அவ்வளவுதான் அன்னிக்கு வேலை. வருஷத்துக்கு எட்டு பண்டிகை இருக்கு, அக்டோபர் 31 சாவின், டிசம்பர் 21 வாக்குல யூல், பிப்ரவரி ஆரம்பத்துல இம்பால்க், மார்ச்ல ஓஸ்டாரா, மே 1 பெல்டேன், ஜூன்ல லித்தா, ஆகஸ்ட் 1 லூனசா, செப்டம்பர்ல மேபன். கடைசிப் பேரு 1970கள்ல வச்சது, அவ்வளவு புதுசு. இந்தச் சக்கரம் வட ஐரோப்பாவோட குளிருக்கும் அறுவடைக்கும் ஏத்த மாதிரி வரைஞ்சது, தென்பாதி உலகத்துல இருக்கிறவங்க ஆறு மாசம் தள்ளி மாத்திக்கிறாங்க. பனியே பாக்காத ஊர்ல இருந்தா உங்க ஊர்ல முதல் மழை எப்ப, எந்த மரம் எப்ப இலை கொட்டுதுன்னு பாத்து உங்க சக்கரத்தை நீங்களே வரையுங்க, இதை நான் ரொம்ப ஆசையா சிபாரிசு பண்றேன், ஒரு வருஷம் ஆகும், ஆனா அது உங்களோடதா இருக்கும்.

டாரோ

ரெண்டாவது மாசத்துக்கு வச்சுக்குங்க. 1909ல வந்த ரைடர் வெய்ட்ங்கிற கார்டுக் கட்டு எடுத்தா போதும், மொத்தம் 78 கார்டு, அதுல அர்கானான்னு ரெண்டு பிரிவு, 22 பெரிய அர்கானா, 56 சின்ன அர்கானா. பமீலா கோல்மன் ஸ்மித் வரைஞ்ச படம் ஒவ்வொண்ணுலயும் ஒரு காட்சி இருக்கும், அர்த்தப் பட்டியலை மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி அந்தப் படத்துல யாரு எங்க பாக்கிறாங்க, கைல என்ன இருக்குன்னு பாத்து தினம் ஒரு கார்டுக்கு மூணு வரி எழுதுங்க. கட்டை யாராவது பரிசா குடுத்தாத்தான் பலிக்கும்னு சொல்றதுக்கு எந்த அடிப்படையும் இல்ல.

ஆளுங்க

தனியா பழகலாம், தப்பே இல்ல. குழுவுக்கு கோவன்னு பேரு, விக்காவுல தீட்சைக்கு முன்னாடி ஒரு வருஷமும் ஒரு நாளும் படிக்கச் சொல்ற வழக்கம் நிறைய இடத்துல உண்டு, அந்தப் பொறுமை நல்ல அடையாளம். அவசரப்படுத்துறவங்க, குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டுட்டு வான்னு சொல்றவங்க, தீட்சைன்னு சொல்லி உடம்பைக் கேக்கிறவங்க, இவங்ககிட்ட இருந்து எழுந்து வந்துடுங்க, காரணம்கூட சொல்ல வேண்டாம். "உங்க மேல சாபம் இருக்கு, எடுக்க இவ்வளவு ஆகும்"னு தானா மெசேஜ் அனுப்புறவங்க அத்தனை பேரும் ஏமாத்துறவங்க. பயத்துல இருக்கும்போதுதான் காசு கைவிட்டுப் போகும், அதனால பயம் வந்தா முதல்ல தரைல உக்காந்து பத்து மூச்சு விடுங்க, யாருக்கும் பதில் போடாதீங்க.

மாசக் கடைசி

தேய்பிறைல ரெண்டாவது வேலை ஒண்ணு பண்ணலாம், விட நினைக்கிற ஒரு பழக்கத்தை சின்னத் துண்டு பேப்பர்ல எழுதி, தண்ணில போட்டு ஊறவிட்டு, கூழானதும் கைல பிசைஞ்சு குப்பைல போட்டுடுங்க. நெருப்பு வேண்டாத வேலை, ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கும் வசதி.

அடுத்த அமாவாசை அன்னிக்கு ராத்திரி நோட்டை முதல் பக்கத்துல இருந்து படிங்க. நடந்ததுக்கு ஒரு புள்ளி, நடக்காததுக்கு ஒரு கோடு, ரெண்டும் இல்லாததை அப்படியே விட்டுடுங்க. கையெழுத்து எந்த நாள் சீராவும் எந்த நாள் கோணலாவும் இருக்குன்னு பாருங்க. மெழுகுவத்தில அடிக்கட்டை கொஞ்சம் மிச்சம் இருக்கும், நீங்க கீறின வார்த்தையோட கடைசி எழுத்து அதுல பாதி தெரியும். அதை ஏத்தி, அது எரிஞ்சு முடியுற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து, புதுப் பக்கத்துல தேதியைப் போட்டு, அடுத்த மாசத்துக்கான ஒரு வரியை எழுதுங்க.